நாற்பத்திரண்டாவது வரி

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. வெயிலுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி உண்டு. ஆசிரமமும் கிடையாது. திருச்சியில் ரயில் பாதையை ஒட்டி இரண்டு செம்மண் டென்னிஸ் கோர்ட்டுகள், ஒரு குழாய், ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். பெயர் சபாபதி. எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

சீடன் லாரன்ஸுக்கு நாற்பது வயது. சீடன் என்றால் சின்னப் பையனாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? பத்து வயதில் மாஸ்டரிடம் ஆட வந்தான். பதினேழு வயதில் மாநிலப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றான். அதற்கு மேல் ஆட்டம் போகவில்லை. கோர்ட்டை விட்டுப் போக அவனுக்கும் மனம் வரவில்லை. மாஸ்டருக்கு உதவி கோச்சாக அங்கேயே இருந்துவிட்டான்.

வேப்பமரத்தடியில் ஓர் இரும்பு நாற்காலி கிடக்கும். காலை ஆறு மணிக்கு மாஸ்டர் அதில் உட்காருவார். யார் ஆடினாலும், எப்படி ஆடினாலும், அங்கிருந்தேதான் பார்ப்பார். நாற்காலியை ஒரு அடி கூட நகர்த்த மாட்டார். சிறுவனாக இருந்தபோது லாரன்ஸ் நல்ல அடி ஒன்று அடித்துவிட்டால் ஓரக்கண்ணால் அந்த நாற்காலியைப் பார்ப்பான். கொஞ்சமாவது முன்னால் வந்திருக்கிறதா என்று. வந்ததே இல்லை. யாருக்குமே வந்ததில்லை என்பதால் அதில் அவனுக்குப் பெரிய வருத்தமும் இல்லை.

பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவது லாரன்ஸின் வேலை. பள்ளிக்கூட மைதானங்களின் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். யார் வேகமாக ஓடுகிறார்கள் என்பது அவனுக்குப் பொருட்டில்லை. பந்து வருவதற்கு முன்பே யாருடைய கால் நகர்கிறது என்று பார்ப்பான். அப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்து வந்துவிடுவான்.

வந்த அன்றே பச்சை அட்டை நோட்டில் பெயரும் வயதும் எழுதி, பக்கத்தில் ஒரு வரி அபிப்பிராயமும் எழுத வேண்டும். அது மாஸ்டர் வைத்த வழக்கம். மறுநாள் எழுதினால் செல்லாது என்பார்.

நோட்டில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. லாரன்ஸ் தாராள மனசுக்காரன். ‘கை அருமை.’ ‘கால் பறக்கிறது.’ ‘பெரிய ஆளாக வருவான்.’ ஒருவரைப் பற்றியும் அவன் குறைத்து எழுதியதில்லை. மாஸ்டர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைப்பார். அந்த நாற்பத்தொரு பேரில் சிலர் கல்லூரி அணிக்கு ஆடினார்கள். சிலருக்கு ஆட்டத்தை வைத்து வேலை கிடைத்தது. காசுக்கு ஆடுகிற நிஜமான ஆட்டக்காரராக ஒருவரும் ஆகவில்லை.

நாற்பத்திரண்டாவது பிள்ளையை லாரன்ஸ் தேடிப் போகவில்லை. கோர்ட்டைச் சுற்றிக் கட்டியிருந்த பச்சைத் திரை கிழிந்துபோய், அளவெடுக்கத் தையல்காரம்மா ஒருத்தர் வந்திருந்தார். கூடவே ஒன்பது வயது மகள், கனிஷ்கா. அம்மா அளவெடுத்து முடிப்பதற்குள் அந்தப் பெண் மூலையில் கிடந்த பழைய ராக்கெட் ஒன்றை எடுத்துச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

பத்துப் பதினைந்து பந்து பலமாக அடித்தாள். பிறகு ஒரு பந்தை, அடிக்கப் போவது போலக் கையை ஓங்கி, கடைசி நொடியில் மணிக்கட்டைத் தளர்த்தித் தொட்டாள். பந்து சுவரில் பட்டு, கீழே விழுந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அதற்கு டிராப் ஷாட் என்று பெயர். லாரன்ஸ் அதை நாலு வருஷம் பழகினான். தினமும் நூறு பந்து. மாநில இறுதி ஆட்டத்தில், கடைசி கேமில், அதைத்தான் ஆடிப் பார்த்தான். பந்து வலையில் பட்டு அவன் பக்கமே விழுந்தது. அந்த ஆட்டம் அதோடு முடிந்தது.

இந்தப் பெண்ணுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே அதே போல இன்னொன்று அடித்தாள்.

லாரன்ஸுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றெரிச்சல். ஒன்பது வயதுக் குழந்தையைப் பார்த்து நமக்கு ஏன் இப்படி ஆகிறது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் பேசிப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டது அவன்தான். அன்று சாயங்காலம் நோட்டை எடுத்து, கனிஷ்கா, வயது ஒன்பது என்று எழுதினான். பக்கத்தில் எழுதினான்: ‘சுமார். பார்க்கலாம்.’

மாஸ்டர் அந்த வரியைப் படித்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் படித்தார். நோட்டை மூடி வைத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் லாரன்ஸ் கூடையிலிருந்து பந்தை எடுத்து எடுத்துக் கனிஷ்காவுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பின்னால் தரையில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். மாஸ்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“மரத்தடியில வெயில் வந்துடுச்சா மாஸ்டர்?”

“இல்லையே.”

அவ்வளவுதான் பேச்சு. முப்பது வருஷம் அவன் எதிர்பார்த்த நாற்காலி, இன்னொருத்திக்காக நகர்ந்து வந்திருந்தது. அன்று அவன் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான். ஒரு விதத்தில் அது உண்மைதான்.

இரண்டு வருஷம் ஓடியது. கனிஷ்காவுக்குப் பதினொன்று ஆனது. லாரன்ஸ் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித்தந்தான், வஞ்சனை செய்யவில்லை. ஆனால் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் அம்மா தினமும் ஒரு பையில் புடவைகளைக் கொண்டுவந்து, பெஞ்சில் உட்கார்ந்து ஃபால்ஸ் தைத்துக்கொண்டே மகள் ஆடுவதைப் பார்ப்பார்.

அப்போதுதான் சென்னைப் பயிற்சி மையத்திலிருந்து கடிதம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு பெண் பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். தங்குமிடம், சாப்பாடு, பெரிய கோச்சுகள், வெளிநாட்டுப் போட்டிகள், எல்லாம் பதினெட்டு வயது வரை. காசுக்கு ஆடும் ஆட்டத்துக்கு இங்கிருந்து வேறு வழியே இல்லை. யாரை அனுப்புவது என்று மாஸ்டர்தான் எழுதித் தர வேண்டும். மூன்று வாரம் டைம் இருக்கிறது, பெரிய பிள்ளைகளை நீதானே பார்க்கிறாய், பெயரை நீயே சொல்லு என்று லாரன்ஸிடம் விட்டுவிட்டார் மாஸ்டர். அவர் பக்கத்துக் கோர்ட்டில் புதிதாக வந்த பொடிசுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

லாரன்ஸ் மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் கனிஷ்காவோடு ஒரு செட் ஆட ஆரம்பித்தான். பெரிய ஆட்டத்துக்குப் பழக்குகிறேன் என்று அம்மாவிடம் சொன்னான்.

ஆறுக்குப் பூஜ்யம். மறுநாளும் ஆறுக்குப் பூஜ்யம். அதற்கு மறுநாளும் அதேதான். அவளுக்கு ஒரு கேம் கூடக் கிடைக்கவில்லை.

அவள் அழவில்லை. இன்னொரு செட் ஆடலாமா சார் என்று கேட்டாள். இரண்டாவது வாரம் அந்தக் கேள்வி நின்றுபோனது. டிராப் ஷாட்டும் நின்றுபோனது. வேலிக்கம்பியில் முதுகு படும் அளவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, வந்த பந்தை எப்படியாவது திருப்பி அனுப்பினால் போதும் என்று ஆடினாள்.

மூன்றாவது வாரம் அவள் அம்மா தைத்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“சார், மறைக்காம சொல்லுங்க. இவளுக்கு வருமா, வராதா?”

லாரன்ஸ் ராக்கெட் நரம்புகளை விரலால் நேராக்கிக்கொண்டே, உயரம் பத்தாதும்மா என்றான். டியூஷனில் சேர்த்துவிடுங்கள், படிப்பு கைவிடாது என்றும் சொன்னான். அந்த அம்மா தலையை ஆட்டினார். சனிக்கிழமையோடு நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தன் வாயிலிருந்து வந்தது தனக்கே கேட்டது லாரன்ஸுக்கு. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் வந்தார். மையத்துக்கு நாளைக்குக் கடிதம் போக வேண்டும், பெயர் என்ன என்று கேட்டார்.

“ஸ்ரீநிதி” என்றான் லாரன்ஸ். கனிஷ்காவோடு சேர்ந்து பழகும் ஸ்ரீநிதி நல்ல பெண். சொன்னதைச் சொன்னபடி செய்வாள்.

மாஸ்டர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லாரன்ஸுக்குத்தான் பொறுக்கவில்லை. இரண்டு வருஷமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டான்.

“மாஸ்டர், ஒரு பிள்ளைகிட்ட அது இருக்கா இல்லையான்னு எதை வெச்சுச் சொல்றது?”

நாற்காலியை ஏன் நகர்த்தினீர்கள் என்பதுதான் அவன் கேட்க நினைத்தது. இன்றைக்குச் செட் ஆடி முடிந்ததும் பாயை இழுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார் மாஸ்டர்.

செம்மண் கோர்ட்டில் பந்து விழுந்த இடம் வட்டமாகத் தெரியும். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தகராறு வந்தால் அந்தத் தடத்தைத்தான் போய்ப் பார்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும், ஆடியவர்கள் பெரிய தென்னைநார்ப் பாய் ஒன்றை இழுத்துக்கொண்டே கோர்ட்டைச் சுற்றிவந்து, எல்லாத் தடத்தையும் அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மூன்று வாரமாக லாரன்ஸ் அந்த வேலையைக் கனிஷ்காவிடம் விடாமல் அவனே செய்துவந்தான். களைத்துப் போயிருக்கிறாள், பாவம் என்று காரணம் சொல்லிக்கொண்டான்.

அன்றும் ஆறுக்குப் பூஜ்யம். தாயும் மகளும் போனார்கள். பாய் சுருட்டியபடியே கிடந்தது.

“வா” என்றார் மாஸ்டர்.

கனிஷ்கா ஆடிய பக்கத்துக்கு இருவரும் போனார்கள். கோர்ட் முழுக்கப் புதுசாக இருந்தது, தடமே இல்லை. இடது மூலையைத் தவிர. அந்த மூலையில், ஒரு புடவைத் தலைப்பு விரிக்கும் இடத்துக்குள், தடத்தின் மேல் தடமாக மண் கொத்திக் கிடந்தது. அதற்குப் பின்னால் சின்னக் கால்கள் வழுக்கிய கோடுகள் வேலி வரைக்கும் போயிருந்தன.

“இங்க விழுந்த பந்து எவ்வளவு எழும்பும்?”

“நல்லா எழும்பும் மாஸ்டர்.”

“அவளுக்கு எது வரைக்கும்?”

லாரன்ஸ் கொஞ்சம் தாமதித்தான். “தலைக்கு மேல.”

அவளுக்கு அதுதான் பலவீனம், அங்கேயே ஆடி ஆடித்தான் சரிசெய்ய முடியும், சென்னையில் இதைவிட மோசமாக அடிப்பார்கள் என்று அவன் வேகமாகச் சொன்னான். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ஸ்ரீநிதிக்கும் இப்படித்தான் போடுகிறாயா என்று கேட்டார்.

லாரன்ஸ் காலால் ஒரு தடத்தை அழிக்கப் போனான்.

மாஸ்டர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். முதல் பெயரிலிருந்து சத்தமாகப் படிக்கச் சொன்னார். கோர்ட் நடுவில் நின்றுகொண்டு அவன் படித்தான். கை அருமை. கால் பறக்கிறது. கண் கூர்மை. பெரிய ஆளாக வருவாள். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு முகமாக வந்து போனது. அவர்களில் யாரைப் பார்த்தும் அவனுக்குத் தூக்கம் கெட்டதில்லை. எல்லோரையும் மனதார வாழ்த்தித்தான் எழுதியிருந்தான்.

நாற்பத்தொன்று முடிந்தது. அடுத்த வரியில் குரல் நின்றது.

“படி.”

“சுமார். பார்க்கலாம்.”

மாஸ்டர் கீழே குனிந்து அந்தத் தடங்களில் ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஜமால்னு ஒருத்தன் என்கிட்ட இருந்தான். நீ வர்றதுக்கு முன்னால. ராக்கெட்டைக் கரண்டி பிடிக்கிற மாதிரி பிடிப்பான். அந்தப் பிடியில அவன் அடிச்ச பந்தை என்னால ஒரு நாளும் திருப்பி அடிக்க முடிஞ்சதில்ல.”

“கேள்விப்பட்டதே இல்லையே மாஸ்டர்.”

“எப்படிக் கேள்விப்படுவ? அவன் பிடியை நான் திருத்தினேன். எட்டு மாசம். புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரியே பிடிக்க வெச்சேன். அப்புறம் அவன் பந்தை யார் வேணும்னாலும் திருப்பி அடிச்சாங்க. ஒரு நாள் ராக்கெட்டை என் நாற்காலி மேல வெச்சுட்டுப் போயிட்டான்.”

“நல்லதுக்குத்தானே செஞ்சீங்க?”

“நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன்.”

லாரன்ஸ் நோட்டை மூடினான். ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதைக் கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். கேட்காமல் இருந்தால் இன்னொரு முப்பது வருஷம் அது உள்ளேயே கிடக்கும் என்றும் தெரியும்.

“நான் ஆடும்போது... உங்களுக்கு எப்பவாவது அப்படி வயிறு எரிஞ்சுதா மாஸ்டர்?”

மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு லாரன்ஸ் மேல் உயிர். தன் மகனிடம் கூடச் சொல்லாததை இவனிடம் சொல்பவர். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் அதை நம்பியிருப்பான், சந்தோஷமாக வீட்டுக்கும் போயிருப்பான்.

“இல்லப்பா” என்றார்.

லாரன்ஸ் போய்ப் பாயைப் பிரித்தான். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கோர்ட்டைச் சுற்றிச் சுற்றி இழுத்தான். இடது மூலையில் இரண்டு தடவை இழுத்தான். மாஸ்டர் அதுவரை அங்கேயே நின்றிருந்தார். பிறகு இருவரும் ஒன்றாகக் கேட்டைப் பூட்டினார்கள்.

சனிக்கிழமை காலை கனிஷ்காவின் அம்மா கடைசி நாள் என்று தையல் பை இல்லாமல் வந்திருந்தார். லாரன்ஸ் நேராக அவரிடம் போனான். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, உயரம் எல்லாம் தானாக வரும், நிறுத்தாதீர்கள் என்றான். அவர் அவன் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?”

“எனக்கு மனசு சரியில்லம்மா.”

அவருக்கு என்ன புரிந்ததோ, மேற்கொண்டு கேட்கவில்லை.

லாரன்ஸ் மறுபக்கம் போய் நின்றான். கனிஷ்கா பழக்கத்தில் வேலியோரம் போய் நின்றாள். அவன் முதல் பந்தை அவள் இடுப்பு உயரத்துக்கு எழும்பும்படி, வலது பக்கம் போட்டான். அடுத்ததை இடது பக்கம். அதற்கடுத்ததை நடுவில். சும்மா போடவில்லை, நன்றாகவே அடித்தான். ஆனால் அவளால் தொட முடிகிற இடங்களில் அடித்தான். ஐந்தாவது பந்துக்கு அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். இரண்டாவது கேமில் கோட்டின் மேலேயே நின்றாள்.

நாற்பதைத் தாண்டிய உடம்பு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இடது மூலை காலியாகத்தான் இருந்தது. அங்கே உயரமாக ஒன்று தூக்கிப் போட்டால் போதும். இரண்டு தடவை கை அதற்குத் தயாராகிவிட்டது. இரண்டு தடவையும் கையை அடக்கினான். அது அவன் வாழ்க்கையில் ஆடிய எந்த ஆட்டத்தையும் விடக் கஷ்டமாக இருந்தது.

ஆறுக்கு நாலு. லாரன்ஸ்தான் ஜெயித்தான். அவள் எடுத்த நாலாவது கேமில், கடைசிப் பந்துக்குக் கையை ஓங்கினாள். லாரன்ஸ் பின்னால் ஓடினான். பந்து வலையைத் தாண்டி மெதுவாக விழுந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஓடிய இடத்திலேயே நின்று அவன் அதைப் பார்த்தான். பெஞ்சில் அவள் அம்மா கையைத் தட்டிவிட்டு, கோச் என்ன நினைப்பாரோ என்று நிறுத்திக்கொண்டார்.

ஆட்டம் முடிந்த பிறகுதான், நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்க மறந்துவிட்டோம் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. மாஸ்டர் வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் மையத்துக்கு எழுத வேண்டிய தாள் இருந்தது. பெயர் எழுதும் இடம் காலி.

லாரன்ஸ் பேனாவை வாங்கி, குனிந்து நின்று, கனிஷ்கா என்று எழுதினான். வியர்வை சொட்டி ஓர் எழுத்து கலைந்தது. அதன் மேலேயே மறுபடி அழுத்தி எழுதினான். பிறகு பச்சை நோட்டை எடுத்து நாற்பத்திரண்டாவது வரியை அடிக்கப் போனான். மாஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது அப்படியே இருக்கட்டும்.”

பேனா நோட்டின் மேலேயே நின்றது. கோர்ட்டில் கனிஷ்கா தென்னைநார்ப் பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். அதை அவளால் நேராக இழுக்க முடியவில்லை, சிரித்துக்கொண்டே வளைந்து வளைந்து போனாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்த லாரன்ஸ் தாழ்ந்த குரலில் சொன்னான்.

“வயித்தெரிச்சல் இன்னும் போகல மாஸ்டர்.”

“எதுக்குப் போகணும்?” என்றார் மாஸ்டர். “அடுத்த பிள்ளையை எதை வெச்சுக் கண்டுபிடிப்ப?”